மூன்று வேளைக் குளியல்

அன்று மாடிப்படியில் ஐந்து பேர் இருந்தோம். நான், என் மனைவி, தண்ணீர்த் தொட்டி மோட்டாரின் சாவியை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு திரிவதால் மோட்டார் என்றே பெயராகிவிட்ட மேல்வீட்டுக்காரர், கீழ்த்தளத்துத் தையல்காரம்மா, அவரிடம் பொத்தான் தைக்க வரும் பெண். என் மருமகள் அங்கே இல்லை, வேலைக்குப் போயிருந்தாள். யார் காதில் என்ன விழுந்தது என்பதில்தான் எங்கள் குடும்பத்தின் மானமே தொங்கியது. அதனால் ஆள் கணக்கைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன்.

மருமகளுக்குத் தைராய்டு. "எங்க வீட்லயும் இருக்கு" என்று எல்லோரும் தலையாட்டுவார்களே, அந்தக் குறைவாகச் சுரக்கிற வகை அல்ல. இவளுக்கு அதிகமாகச் சுரந்தது. உட்கார்ந்திருக்கும்போதே படியேறி ஓடி வந்தவள்போல நெஞ்சு அடித்துக்கொள்ளும். நாலு ஆள் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு நூலாக இளைத்தாள். சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுந்தாள். தெருமுனைப் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுப்பவள். ஊசி பிடிக்கும் விரல் நடுங்கியதால் ரசீது எழுதும் ஜன்னலில் உட்காரவைத்துவிட்டார்கள். நாங்கள் போர்வைக்குள் கிடக்கும்போது அவளுக்கு வேர்த்துக் கொட்டும். தினம் மூன்று வேளை தலைக்குத் தண்ணீர். நாங்கள் மருமகளைப் பட்டினி போடுவதாக முதலில் ஒரு பேச்சு கிளம்பியது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பொறுமையாக இருங்கள் என்றார் டாக்டர். மாத்திரை, ஆறு வாரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, அளவு நிலைக்கு வரும்வரை குழந்தைப் பேச்சே வேண்டாம். கல்யாணமாகி நான்கு வருஷம் ஆகியிருந்தது. "எவ்ளோ நாள் சார்?" என்று கேட்டாள். ஒன்றரை வருஷம் ஆகலாம் என்றார். வீட்டுக்கு வந்ததும் அவள் சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

இது நடந்து ஆறு மாதம் கழித்துத்தான் அந்த மாடிப்படிச் சம்பவம். மோட்டார் வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"என்ன சார், உங்க மருமக மனுஷியா, மீனா? தொட்டி தாங்கலையே!"

மூன்று மாதமாக இதே நக்கல். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மாத்திரை பிடித்து, உடம்புச் சூடு தணிந்து, அவள் மூன்று குளியலை ஒன்றாகக் குறைத்துப் பத்து நாளாகியிருந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"யோவ், பத்து நாளா அவ முழுகாமதான்யா இருக்கா! போதுமா?"

நாற்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். ஒரு ஒற்று விடுபட்டாலும் கண்ணில் குத்தும். நான் குளியலைச் சொன்னேன். அவர்கள் காதில் கர்ப்பம் என்று விழுந்தது. என் மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தையல்காரம்மாவுக்கு முகமெல்லாம் பல். அங்கேயே திருத்தியிருக்கலாம். ஆனால் அந்த மோட்டார் முன்னால், விட்ட வார்த்தையை நான் திரும்பப் பொறுக்குவதா? விறைத்துக்கொண்டு படியேறிவிட்டேன்.

நாலாம் நாள் மாலை மருமகள் உள்ளே வந்தாள். கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் சட்டை, தையல்காரம்மா தைத்துக் கொடுத்தது. இரண்டு கிலோ தேறியிருந்த அவள் உடம்பு வேறு வதந்திக்குச் சாட்சி சொன்னது.

"மாமா, இதை யார் சொன்னது?"

"ஊர் வாய்மா! அந்த மோட்டாரைக் கோர்ட்டுக்கு இழுக்கறேன் பாரு!"

அடுப்படியிலிருந்து என் மனைவி சொன்னாள்: "இழுங்க. முதல் குற்றவாளியா கூண்டுல நீங்கதான் நிப்பீங்க."

நடந்ததையெல்லாம் அவளே மருமகளிடம் சொல்லியும் விட்டாள். நான் மேஜையை ஓங்கித் தட்டினேன். தண்ணீர்க் குவளை உருண்டது. மருமகள் அதை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

"எனக்குக் கோவம் வியாதியில வந்தது, மாமா. மாத்திரை போடறேன். உங்களுக்கு?"

நான் மேஜையில் சிந்திய தண்ணீரைத் துண்டால் துடைத்தேன்.

"நாள எண்ணக் கூடாதுன்னுதான் காலண்டரையே கழட்டினேன். இன்னிக்கு லேப்ல பதினோரு பேர் எனக்கு மாசக் கணக்குப் போட்டுச் சொன்னாங்க." அவள் குரல் உயரவே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "நீங்க சொன்னது. நீங்களே போய்ச் சொல்லுங்க. சட்டைய மட்டும் திருப்பிக் கேட்டா குடுக்க மாட்டேன். அது எனக்கு வேணும்."

அன்று இரவு முழுக்க எனக்குக் கோபம். மோட்டார் மேல் கோபம், தையல்காரம்மா மேல் கோபம், ஒரே சொல்லில் இரண்டு அர்த்தத்தை வைத்த பாஷை மேலும் கோபம். கடைசியில் கோபப்பட வேறு ஆள் மிச்சமில்லை.

மறுநாள் காலை, மோட்டார் போடும் நேரத்துக்கு இறங்கினேன். என் மனைவி பின்னாலேயே வந்தாள். தையல்காரம்மாவும் பொத்தான் தைக்கும் பெண்ணும் குடத்தோடு நின்றார்கள்.

"வாங்க தாத்தா! ஸ்வீட் எப்போ?" என்றார் மோட்டார்.

திரும்பி மேலே பார்த்தேன். எங்கள் வீட்டு வாசலில் மருமகள் நின்றிருந்தாள். அந்தச் சட்டையை இரண்டு தோளிலும் பிடித்து, அளவு பார்ப்பதுபோல வெளிச்சத்தில் தூக்கியிருந்தாள். அவள் விரல்களில் சட்டை அசையவில்லை. காற்றே இல்லாத நாளில் கொடியில் தொங்குவதுபோல நேராக நின்றது.

மோட்டார் பக்கம் திரும்பினேன்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு. என் மருமக முழுகாம இல்ல. தினம் ஒரு வேளை குளிக்கறா."