கோடு போட்ட சட்டை

பிப்ரவரியில் அமெரிக்க ஃபுட்பாலின் அந்தப் பெரிய ஃபைனல் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை, மெல்டன் ஊரில் கோட்டும் டையுமாகச் சபைக்கு வருகிறவனை வெளியூர்க்காரன் என்றுதான் நினைப்பார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் ஆட்டக்காரர்கள் போடும் ஜெர்சிதான். வாசலில் புகை அடுப்பில் மாட்டிறைச்சி வெந்துகொண்டிருக்கும். காணிக்கைப் பைக்குப் பதிலாகத் தலைகீழாகத் திருப்பிய ஹெல்மெட்டுகள் வரிசை வரிசையாகக் கைமாறும். பாஸ்டர் கோல்பி மேடைக்கு நடந்து வரமாட்டார். காற்றடைத்த பெரிய ரப்பர் சுரங்கத்துக்குள்ளிருந்து, புகை பறக்க, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடிவருவார். கர்த்தரே டெக்ஸாஸ்காரர் என்று நம்புகிற ஊர் அது. இதையெல்லாம் குறை சொல்ல அங்கே யாருக்கும் தோன்றியதில்லை.

அந்தச் சுரங்கத்துக்குக் காற்றடைப்பதும் புகை மிஷினைப் பார்த்துக்கொள்வதும் வெர்லீனின் வேலை. எழுபதைத் தாண்டியவள். மேடைக்கு முன்னால் நின்று ஒருநாளும் முகத்தைக் காட்டியதில்லை. பின்னால் கறுப்புத் திரைக்கும் ஒயர் குவியலுக்கும் நடுவில் குனிந்து நிமிர்ந்தே அவளுடைய பக்தி கழிந்தது. இந்த வருடம் அவளிடம் இன்னொரு பொறுப்பையும் கொடுத்திருந்தார்கள். கோச்சைப் பத்திரமாகக் கொண்டுவந்து, சரியான நேரத்தில் சுரங்கத்துக்குள் அனுப்பிவைக்க வேண்டும்.

கோச் என்றால் டோயில் ஹாஸ்கெல், அவள் புருஷன். ஊர்ப் பள்ளியின் ஃபுட்பால் அணியை ஒரு தலைமுறைக்கு மேல் ஆட்டிவைத்தவர். கையில் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடி, எதிரே வருகிறவனை முட்டித் தள்ளும் அந்த விளையாட்டில் அவர் வளர்த்துவிட்ட பையன்கள்தான் இன்றைக்கு ஊரில் டாக்டர், ஷெரீஃப், பிணப்பெட்டி விற்கிறவர் எல்லாம். கோல்பியும் அவர்களில் ஒருவர்தான். ஆட்டத்துக்கு முன்னால் கோச் பையன்களிடம் பேசுவாரே, அந்தப் பேச்சைச் சபையில் ஒரு தடவை பேசட்டும் என்று அவர்தான் ஆசைப்பட்டுக் கேட்டார்.

கோச்சுக்குக் கொஞ்சம் மறதி என்றுதான் ஊருக்குத் தெரியும். கொஞ்சமில்லை, எல்லாமே போய்விட்டது என்பது வெர்லீனுக்கு மட்டும் தெரியும். கடையில் அவருக்கும் சேர்த்துத் தானே பேசி, யாராவது கிட்டே வந்தால் காரைக் கிளப்பி, ஊர் கண்ணில் நன்றாகவே மண்ணைத் தூவியிருந்தாள். வீட்டில் அவளை ஹோட்டல் வேலைக்காரி என்று நினைத்து, காலையில் தலையணை மேல் டிப்ஸ் வைத்துவிட்டு நன்றி சொல்கிற மனிதரை வேறு என்ன செய்வது?

டாலஸில் இருக்கும் மகள் ஜனெல் ஒரு நல்ல முதியோர் இல்லத்தில் அவருக்கு இடம் பிடித்துவைத்திருந்தாள். இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் அது வேறு யாருக்கோ போய்விடும். அம்மாவும் மகளும் ஃபோனில் கத்திக்கொள்ளாத நாளில்லை. நேற்று வெர்லீன் சண்டையை முடித்துவைத்தாள்.

"நாளைக்கு அங்க டிரம் அடிப்பாங்க, பசங்க ஹெல்மெட் போட்டுக்கிட்டு நிப்பாங்க. உங்கப்பாவுக்கு எங்கயாச்சும் புத்தி திரும்புச்சுன்னா அங்கதான் திரும்பும். நான் யாருன்னு ஒரே ஒரு தடவை சொல்லிட்டா, நான் அனுப்பமாட்டேன். சொல்லலைன்னா நீ சொல்றபடி கேக்கறேன்."

மகள் அது என்ன பரீட்சையா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லி வெர்லீன் ஃபோனை வைத்துவிட்டாள்.

சபைக்கு வந்த இடத்தில் சட்டை ரூபத்தில் சனி பிடித்தது. திரைக்குப் பின்னால் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் இந்தத் தடவை ஒரே மாதிரி உடை, ரெஃபரி போடுகிற கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையும் தொப்பியும் என்று பொறுப்பாளர் மிஸ்டி முடிவு செய்திருந்தாள். மிஸ்டி முப்பது வயதுப் பெண், கெட்டிக்காரி. ஆனால் ஒரு ஃபுட்பால் கோச்சின் பக்கத்தில் ரெஃபரி சட்டையோடு ஒரு ஆளை நிறுத்தக் கூடாது என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

வெர்லீனின் சொந்தத் தம்பி ஒரு வருடம் ரெஃபரியாக விசில் ஊதினான் என்பதற்காக, அந்த நவம்பர் விருந்தில் வான்கோழியைத் தட்டில் எடுத்துக்கொண்டு போய்க் கராஜில் உட்கார்ந்து தின்றவர் டோயில். அப்பேர்ப்பட்டவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"யோவ் ரெஃபரி, போன வாரம் அந்தத் தடியன் என் பையன் சட்டையைப் புடிச்சு இழுத்தான். உன் கண்ணு என்ன பொடனியிலயா இருந்துச்சு?"

"டோயில், நான்தான். வெர்லீன்."

"என் பொண்டாட்டி பேரெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்க. ஐஸ் வச்சா விட்டுருவேன்னு பாக்காதே."

மிஸ்டி விழுந்து விழுந்து சிரித்தாள். கோச் இன்னும் குறும்பை விடவில்லை என்று காதில் மாட்டியிருந்த மைக்கில் மற்றவர்களுக்கும் சொன்னாள். வெர்லீனும் சேர்ந்து சிரித்துவைத்தாள். சட்டையைக் கழற்றிவிடட்டுமா என்று மெதுவாகக் கேட்டதற்கு, அது இல்லாமல் பின்னால் நின்றால் செக்யூரிட்டி வெளியே அனுப்பிவிடுவான் என்று மிஸ்டி சொல்லிவிட்டாள்.

வெர்லீனுக்கு அதில் ஒரு நிம்மதியும் இருந்ததை மறைப்பானேன்? அவர் தன்னைத் தெரியவில்லை என்றா சொன்னார்? சட்டையைப் பார்த்துத்தானே சொன்னார். அவர் இடத்தில் எந்தக் கோச் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பான். ஆராதனை முடியட்டும், இதைக் கழற்றி எறிந்துவிட்டு வருகிறேன் என்று நினைத்துக்கொண்டு காற்று மோட்டாரைப் போட்டாள். ரப்பர் சுரங்கம் முனகிக்கொண்டே எழுந்து நின்றது.

வெளியே பள்ளிப் பிள்ளைகள் டிரம் அடிக்க ஆரம்பித்தார்கள். அதைக் கேட்டதும் டோயில் எழுந்தார். யாரும் தூக்கிவிடவில்லை. வளைந்திருந்த முதுகு நிமிர்ந்தது, சட்டையை இடுப்புக்குள் செருகிக்கொண்டார், தாடையை முன்னுக்குத் தள்ளினார். வெர்லீன் பார்த்துக்கொண்டே இருந்தாள். இது அவளுடைய டோயில். அவள் புகை மிஷினைத் தட்டினாள். அவர் புகைக்குள் நடந்து மறைந்தார். சபை முழுக்க எழுந்து நின்று கத்தியது.

கோல்பி நான்கு வரி எழுதிக் கொடுத்திருந்தார். டோயில் அந்தக் காகிதத்தைக் கூட்டத்துக்குக் காட்டிவிட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பிறகு பழைய குரலில் ஆரம்பித்தார். பக்கத்தில் நிற்கிறவனைத் திரும்பிப் பாருங்கள் என்றார். அவன் பேர் தெரியுமா? சரி. அவன் அம்மா பேர் தெரியுமா? தெரியாதென்றால், அவனுக்காக நீ எப்படி அடி வாங்குவாய்? ஒவ்வொரு சீசனும் தொடங்கும்போது பையன்களை அவர் அப்படித்தான் நிற்கவைப்பார். பக்கத்தில் இருக்கிறவனின் அம்மா பேரைச் சொல்லத் தெரியாதவனுக்குப் பந்து கிடையாது. சபையில் தாடி நரைத்த ஆண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, அம்மாக்களின் பேர்களைக் கேட்டார்கள், சொன்னார்கள். ஷெரீஃப் குலுங்கிக் குலுங்கி அழுதார். டோயில் ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை.

திரைக்குப் பின்னால் வெர்லீன் மோட்டாரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, ஆண்டவரே, ஆண்டவரே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்துவிட்டார். அவ்வளவு பேர் முன்னால் அவ்வளவையும் ஞாபகம் வைத்திருக்கிறவருக்குப் பெண்டாட்டி மட்டும் எப்படி மறக்கும்? இனி எந்த இல்லமும் வேண்டாம். அவளே குளிப்பாட்டுவாள், அவளே ஊட்டுவாள், ராத்திரி எழுந்து எழுந்து அவளே கதவைப் பூட்டுவாள்.

கூட்டம் கலைந்ததும் ஆட்கள் பின்னால் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கோச் அப்படியேதான் இருக்கிறார், நீங்கள் கொடுத்துவைத்தவர் என்று வெர்லீனிடம் சொன்னார்கள். அவள் எல்லோருக்கும் தலையாட்டினாள். ஓரிருவர் மட்டும் மிச்சமிருக்கும்போது, அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் பெண்கள் அறைக்கு ஓடினாள். கோடு போட்ட சட்டையைக் கழற்றி மூலையில் போட்டாள். பையிலிருந்து பச்சை ஸ்வெட்டரை எடுத்து மாட்டினாள். தொப்பியில் அமுங்கிய முடியைச் சீவினாள், உதட்டுக்குக் கொஞ்சம் சாயம் பூசினாள். அந்த வயதில் கல்யாணப் பெண் மாதிரி கண்ணாடியை இரண்டு தரம் பார்த்துக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது அங்கே டோயில் மட்டும்தான் இருந்தார். அவளைக் கண்டதும் சட்டென்று எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

"வாங்கம்மா. பசங்க இன்னும் குளிச்சுட்டு வரல. செத்த உக்காருங்க."

"டோயில்," என்றாள்.

அவர் அவள் முகத்தையே பார்த்தார். உண்மையாகவே முயற்சி செய்கிறார் என்பது தெரிந்தது. கடைசியில் வெட்கப்பட்டுப்போய்த் தொப்பியைக் கையில் சுருட்டினார்.

"மன்னிக்கணும். எல்லாப் பசங்களோட அம்மாவும் எனக்குத் தெரியும். உங்களை மட்டும் எப்படி விட்டேன்னு தெரியல. உங்க பையன் யாரு?"

சட்டையின் மேல் பழி போட இனி வழியில்லை. ரெஃபரியாக இருந்தபோதாவது அவரிடம் உரிமையோடு திட்டு வாங்கினாள். இப்போது மரியாதைதான் கிடைத்தது. அவளுடைய வாழ்க்கையில் அதைவிடக் கொடுமையாக யாரும் அவளை நடத்தியதில்லை.

"எனக்குப் பையன் இல்லைங்க. ஒரே பொண்ணு."

"எனக்கும் ஒரே பொண்ணுதான். பிடிவாதத்துல அப்படியே அவ அம்மா." அவர் இன்னொரு நாற்காலியை விரித்துப் போட்டார். "உக்காருங்க. என் வீட்டுக்காரி இப்ப வந்துருவா. அவகூடப் பேசிக்கிட்டிருந்தா உங்களுக்குப் பொழுது போறதே தெரியாது."

வெர்லீன் உட்கார்ந்தாள். காற்று இறங்கிய ரப்பர் சுரங்கத்தை யாரோ இழுத்துக்கொண்டு போனார்கள். மடியில் ஃபோன் அதிர்ந்தது. ஜனெல்தான். ஆராதனையை நேரலையில் பார்த்திருக்கிறாள், அழுதுகொண்டே சிரிக்கிறாள். அப்பா உன்னைக் கேட்டாரா, கேட்டாரா என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"கேட்டாரு. என்னைத்தான் தேடிக்கிட்டிருக்காரு."

மகள் சந்தோஷத்தில் என்னென்னவோ பேசினாள். தான் சொன்னதெல்லாம் தப்பு என்றாள், இப்போதே அந்த இல்லத்தைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றாள். வெர்லீன் அவளைப் பேசவிட்டாள். பிறகு சொன்னாள்.

"நான் அவர் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன், ஜனெல்."

காலையில் வண்டியோடு வா, பெட்டியை நான் கட்டிவைக்கிறேன் என்று சொல்லி வெர்லீன் ஃபோனை வைத்தாள்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்து, கெட்ட சேதியா என்று டோயில் விசாரித்தார். வீட்டில் ஒருத்தர் ஊருக்குப் போகிறார் என்றாள். அவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். பிறகு கதவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவள் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. அவ இவ்வளவு நேரம் என்னைக் காக்க வச்சதே இல்ல."