ஹொசே கார்சியாவின் மரண அறிவித்தல்

1

இந்தக் கதை ஒரு மரண அறிவித்தலாகத்தான் தொடங்கியது. மொழிபெயர்ப்பு நாவல்களாக வாசித்துத் தள்ளுகிற எனக்கு எழுதவும் வரும் என்று சிவமலர் அக்கா நம்பினார். பலெர்மோவில், கபோ சந்தைக்கு மேலே இருக்கும் அவருடைய வீட்டில் உட்கார்ந்து எழுதினேன்:

கிளிநொச்சியைப் பிறப்பிடமாகவும் பலெர்மோவை வதிவிடமாகவும் கொண்ட

அதற்கு மேல் பேனா நகரவில்லை.

2

காரணம் இது. அக்காவின் கணவர் வசீகரன் வேறொருவரின் ஸ்பெயின் பாஸ்போர்ட்டில் இத்தாலிக்கு வந்தவர். அதில் இருந்த பெயர் ஹொசே கார்சியா. அந்தப் பெயரில்தான் நகரத்தின் பிரான்காச்சோ பகுதியில் ஒரு பட்டறையில் வேலை செய்தார். அந்தப் பெயரில்தான் பட்டறைக் கூரையிலிருந்து விழுந்து செத்தார். அக்காவுக்கும் மகள் கேசினிக்கும் பெர்மெசோ* கிடைத்ததே ஸ்பெயின்காரனின் குடும்பம் என்பதால்தான். உண்மைப் பெயர் வெளியே வந்தால் அது போய்விடும்.

* இங்கே வசிக்க அரசு தரும் அனுமதி. நாங்கள் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருப்போம்.

3

(இந்தப் பகுதியை நீக்க நினைத்தேன். கிடக்கட்டும்.)

இணையத்தில் அந்தப் பெயரைத் தேடினேன். புகழ்பெற்ற ஹொசே கார்சியாக்கள் வரிசையாக வந்தார்கள். ஆள் மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொருவருக்கும் ஓர் அடைப்புக்குறி: (கால்பந்து வீரர்), (நடிகர்), (அரசியல்வாதி). எங்களுடையவருக்கு என்ன போடலாம்? (தகரம் பொருத்துபவர்). (ஒரு கையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மறுகையால் மீன் பொரிப்பவர்). (

கேசினி திரையை எட்டிப் பார்த்தாள். "அக்கா, எங்கடை பப்பா எங்கை? நொன் சே? இல்லையோ?"

"இல்லை" என்றேன்.

4

வசீகரனின் அம்மா மனோன்மணி ஊரிலிருந்து அழைத்தார். அக்கா போனை மேசையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினார்.

"மாமி, பேரை விடுவம். படத்தை மட்டும் போடுவம்."

"படமோ? காணாமல் போன பிள்ளையளின்ரை படத்தைப் பிடிச்சுக்கொண்டு சனம் ரோட்டிலை இருக்கு. நெடுகப் பாக்கிறன். பேரில்லாட்டி ஆர் செத்ததெண்டு நம்புறது?"

"அப்ப உங்கடை பேத்தி எங்கை போறது மாமி?"

"ஆரோ வெள்ளைக்காரன் விழுந்து செத்ததுக்கு நான் ஏன் அழவேணும்? என்ரை பிள்ளையின்ரை பேர் வரட்டும். அழுறன்."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. அக்கா என் பக்கம் திரும்பினார்.

"கதைப் புத்தகமெல்லாம் வாசிக்கிறனி ஆரணி. அவவும் அழ, நாங்களும் இங்கை இருக்க, ஒண்டு எழுது பாப்பம்."

5

முடிவு ஒன்று: பெயர் வெளியாகிறது. மனோன்மணி அழுகிறார். யாரோ வாசித்து யாரிடமோ சொல்ல, ஒரு காலை நேரம் கேசினி பள்ளிக்கூடப் பையோடு விமான நிலையத்தில் நிற்கிறாள்.

முடிவு இரண்டு: பெயர் வெளியாகவில்லை. கேசினி கார்சியாவாகவே வளர்கிறாள். மனோன்மணி மகனின் படத்தை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போய், மற்றச் சனத்தோடு உட்கார்கிறார்.

முடிவு மூன்று: எல்லோரும்

இல்லை. அப்படி ஒன்று எனக்கு எழுத வரவில்லை.

6

வசீகரன் என்பது நான் வைத்த பெயர். அவருடைய ஊரும் கிளிநொச்சி இல்லை. கதையை முதலிலிருந்து வாசித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: அவருடைய பெயரை நானும் போடவில்லை. அந்த அம்மா இன்னும் அழவில்லை.

பேனா உங்களிடம். கேசினி எட்டிப் பார்க்கிறாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நீங்கள் எதை எழுதினாலும், இது பப்பாவா என்று கேட்பாள்.

ஹொசே கார்சியா (                    )