மஸ்கட்டுக்கு இன்னும் சொல்லவில்லை

1

2024 செப்டம்பர் 11, புதன்கிழமை காலை, கிழக்குத் தாம்பரத்தை அடுத்த சேலையூரில் ஒன்றேமுக்கால் வயதுப் பெண் குழந்தை திறந்திருந்த ஊக்கு ஒன்றை விழுங்கிவிட்டது.

இந்த வாக்கியத்தில் தேதி, ஊர், வயது எல்லாம் நான் வைத்தவை. எனக்குக் கிடைத்தது ஒரு கேள்வி மட்டும்தான். குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒருவர் தோளில் குழந்தையைச் சாய்த்துக்கொண்டு செல்பேசியை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். திரையில் நர்ஸ் உடையில் ஒரு பெண். "கடைசியா எப்போ சாப்பிட்டா?" என்று அவள் கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து போய்விட்டேன்.

அவர் ஏன் பதில் சொல்லவில்லை? இந்தக் கதை அதற்காகத்தான்.

அவருக்கு ஜெபின் என்று பெயர் வைக்கிறேன். இனி 'அவன்' என்றே எழுதலாம், வயது முப்பதுக்கு மேல் இராது. திரையில் இருந்தவள் அவன் மனைவி ஷீலா, மஸ்கட்டில் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறாள். தோளில் கிடந்தது அவர்கள் மகள் ஜாஸ்மின்.

2

முதல் தொடக்கம்:

நைட் ஷிப்ட் முடிந்து மறைமலை நகரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து ஜெபின் இறங்கியபோது வானம்

(வானம் வேண்டாம். இந்தக் கதையில் அதை அண்ணாந்து பார்க்க யாருக்கும் நேரம் இருக்கப்போவதில்லை.)

இரண்டாம் தொடக்கம்:

கீழ்வீட்டு சுப்புலட்சுமி நல்லவள்தான், ஆனாலும்

(இந்த 'ஆனாலும்' அவளைக் கூண்டில் ஏற்றிவிடுகிறது. விசாரணை நடத்த நான் உட்காரவில்லை.)

மூன்றாம் தொடக்கம்:

மாடியில் ஜெபின் தூங்கிக்கொண்டிருந்தான். கீழ்வீட்டில் சுப்புலட்சுமி புடவை கட்டிக்கொண்டிருந்தாள்.

இது இருக்கட்டும்.

3

சுப்புலட்சுமி தன் தாலிச் சரட்டில் எப்போதும் நாலைந்து ஊக்கு மாட்டி வைத்திருப்பாள்.* ஜாஸ்மினை அவளிடம் விட்டுத்தான் ஜெபின் தூங்குவான். அன்று காலை அவள் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சரட்டிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றித் திறந்து, உதட்டில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் முந்தானை மடிப்பை அடுக்கினாள். பக்கத்தில் கட்டில்மேல் நின்றிருந்த ஜாஸ்மின் எட்டி அவள் உதட்டிலிருந்து ஊக்கை உருவினாள். உருவியதைத் தூக்கிப் போடவில்லை. அவளைப் போலவே தன் உதட்டில் கவ்விக்கொண்டு, பாராட்டை எதிர்பார்த்து நின்றாள்.

சுப்புலட்சுமி கத்தினாள். குழந்தை திடுக்கிட்டு வாயை மூடியது.

(கத்தாமல் மெல்ல வாங்கியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எழுதும்போது எனக்கும் தோன்றியது. நாம் இருவருமே அந்த அறையில் இல்லை.)

வாயில் விரலை விட்டுப் பார்த்தாள். இல்லை. கட்டிலுக்கு அடியில், பாயை உதறி, இல்லை. குழந்தை இருமவில்லை, மூச்சுத் திணறவில்லை, சிரிக்கவும் செய்தது. அப்போது சுப்புலட்சுமிக்கு அவள் வீட்டில் எல்லாரும் செய்கிற வைத்தியம் நினைவுக்கு வந்தது. ஒரு வாழைப்பழத்தை உரித்து ஊட்டத் தொடங்கினாள்.

ஜெபின் லுங்கியை இறுக்கிக்கொண்டு மாடியிலிருந்து ஓடிவந்தபோது பாதிப் பழம் உள்ளே போயிருந்தது.

"பின்னு உள்ள பூட்ச்சு, ஜெபினு. பயப்படாதப்பா. பழத்தோட சுத்திகினு தானா வெளிய வந்துடும். எங்க சித்தி பையன் ஆணியே முழுங்கினான், பழம் குட்த்துதான் வந்துச்சு."

"நிஜமாவாக்கா?"

"நான் இன்னா பொய்யா சொல்றேன்?"

மீதிப் பழத்தை அவள் கையிலிருந்து வாங்கி ஜெபினே ஊட்டினான். இன்னொரு பழத்தையும் உரித்தான். ஜாஸ்மினுக்குப் பழம் பிடிக்கும். அடம் பிடிக்காமல் சாப்பிட்டாள். அந்தச் சில நிமிடங்கள் எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருப்பதாகவே அவனுக்கு இருந்தது.

* இதைப் படிக்கும் பாதிப் பேர் இப்போது தங்கள் கழுத்தைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள். மீதிப் பேர் வீட்டில் யார் கழுத்திலாவது பார்க்கலாம்.

4

சுப்புலட்சுமியின் கணவன் எத்திராஜ் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். எதற்கும் டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று கூப்பிட்டதும் ஏறியிருந்தவர்களை இறக்கிவிட்டு வந்தான்.

"இன்னா ஜெபினு, மூஞ்சி இப்டி கீது? ஏறு, ஏறு. என் சம்சாரம் எப்பவும் வாயில எதனா கவ்விகினுதான் இருக்கும். ஊக்கு இல்லாங்காட்டி என்னியக் கடிக்கும்."

பின்சீட்டில் ஜெபின் பக்கத்தில் இருந்த சுப்புலட்சுமி அழுதுகொண்டே, "யோவ், ரோட்டைப் பாரு" என்றாள்.

ஜி.எஸ்.டி. சாலையில் சானடோரியம் தாண்டும்போது ஜெபினின் சட்டைப்பையில் செல்பேசி அதிர்ந்தது. ஷீலா. தினமும் அந்த நேரத்துக்கு, டியூட்டிக்குப் போகுமுன், கூப்பிடுவாள். ஜாஸ்மினுக்குச் செல்பேசி என்றாலே அம்மாதான். யார் கையில் எந்த போனைப் பார்த்தாலும் "ம்மா" என்று கை நீட்டுவாள். இப்போதும் நீட்டினாள்.

ஜெபின் எடுக்கவில்லை.

இந்த இடத்தில் அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கெட்ட சேதியை அது முடிந்த பிறகுதான் அங்கே சொல்வார்கள். அவ்வளவு தூரத்தில் தனியாக உட்கார்ந்துகொண்டு என்ன செய்வாள், பாவம், என்பது காரணம். ஷீலாவின் அப்பா சவுரிமுத்து மஞ்சள் காமாலையில் கிடந்தது, அவர் எழுந்து பள்ளிக்கரணையில் கோழி வாங்கப் போன பிறகே அவளுக்குத் தெரிந்தது. அவளும் சளைத்தவளில்லை. டெங்குவில் படுத்ததை, முடி கொட்ட ஆரம்பித்த பிறகு, வீடியோவில் பார்த்து அவன் கேட்டதால் சொன்னாள். ஜாஸ்மினுக்குப் பத்து மாதம் ஆனபோது போனவள். அன்றிலிருந்து கணவனும் மனைவியும் ஒருவர் வாழ்க்கையை மற்றவர் கடந்த காலத்தில்தான் அறிகிறார்கள். நல்லா இருக்கேன். சாப்பிட்டேன். இப்போ பரவாயில்லை.

(கதை சொல்கிறவர்கள் செய்வதும் இதுதான். எல்லாம் முடிந்த பிறகு, தைரியமாக, ஆரம்பத்திலிருந்து.)

போன் அதிர்ந்து ஓய்ந்தது.

"யாரு, ஷீலாவா?" என்றாள் சுப்புலட்சுமி.

"முடியட்டும்க்கா. அப்புறம் சொல்லிக்கலாம்."

5

எக்ஸ்ரேயில் ஊக்கு தெளிவாகத் தெரிந்தது. அவ்வளவு சின்ன உடம்புக்குள் அது பெரிய சாமானாக இருந்தது.

"வயித்துல இருக்கு. திறந்துதான் இருக்கு" என்றார் டாக்டர். "உணவுக்குழாயில மாட்டாதது நல்லது. கடைசியா என்ன சாப்பிட்டா?"

"வாழைப்பழம்."

"விழுங்கினதுக்கு முன்னாடியா?"

"அப்புறம். ஒண்ணரைப் பழம்."

டாக்டர் திட்டியிருந்தால் அவனுக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "மயக்கம் குடுத்துட்டுத்தான் எண்டோஸ்கோப் விடணும். வயித்துல சாப்பாடு இருந்தா அது நுரையீரலுக்குப் போயிடலாம். மத்தியானம் வரைக்கும் காத்திருக்கணும். தண்ணி கூட வேண்டாம். வாந்தி, வயித்து வலின்னா உடனே சொல்லுங்க."

"அதுக்குள்ள ஊக்கு கீழ இறங்கிட்டா?"

"இறங்கினா எண்டோஸ்கோப்புக்கு எட்டாது. குடல்ல குத்தாம இருக்கான்னு பார்த்துகிட்டே இருக்கணும். ஆபரேஷன் வரைக்கும் போகலாம். இறங்காதுன்னு நம்புவோம்."

பழம் கொடுக்காமல் நேரே வந்திருந்தால் இந்நேரம் எடுத்திருப்பார்கள். அவர் சொல்லவில்லை, அவனாகவே கணக்குப் போட்டுக்கொண்டான்.

என் முதல் பிரதியில் ஜெபின் இந்தக் காத்திருப்பைத் தனியாகவே கழிக்கிறான். எல்லாம் முடிந்து மாலையில் மஸ்கட்டுக்குப் பேசுகிறான், ஷீலா அழுகிறாள், கதை முடிகிறது. சுத்தமாக இருந்தது. ஆனால் அந்த ஆஸ்பத்திரி நாற்காலியில் என் காதில் விழுந்த கேள்விக்கு அதில் இடமில்லை. மேலும், அந்தப் பிரதியில் ஷீலாவிடம் எல்லாம் முடிந்த பிறகு சொன்னவன் ஜெபின் மட்டுமல்ல, நானும்தான். கிழித்துவிட்டேன்.

ஆக, எக்ஸ்ரே அறை வாசலில் போன் மறுபடி அதிர்கிறது. ஜெபின் எடுக்கிறான்.

6

"எங்கே இருக்கே? பின்னாடி என்ன அது, ஆஸ்பத்திரியா?"

சொன்னான். அவள் குறுக்கிடவில்லை. முடித்ததும் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"கடைசியா எப்போ சாப்பிட்டா?"

ஜெபின் பேசாமல் இருந்தான். (நான் எழுந்து போனது இந்த இடத்தில்.)

"ஜெபின். எப்போ?"

"நான்தான் குடுத்தேன். பழம். விழுங்கினதுக்கு அப்புறம்."

தினமும் பத்துக் குழந்தைகளின் தாய்மார்களிடம் எதையும் கொடுக்காதீர்கள் என்று சொல்பவள் அவள். காலையிலேயே அவளுக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். அவன் போடவில்லை.

"சுப்பு அக்கா சொன்னாங்களா?"

"அவங்க பாதிதான் குடுத்தாங்க. மீதி நான்."

"எனக்கு ஒரு கால் பண்ணியிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "சரி. தண்ணி கேட்பா. குடுக்காதே. அழுதாலும் குடுக்காதே. போனை வைக்காதே."

"டியூட்டி?"

"நீ எடுக்கலைன்னதும் சொல்லிட்டு வந்து, துணி அடுக்கற லினன் ரூம்ல உட்கார்ந்திருக்கேன். என் முகத்தை அவளுக்குக் காட்டாதே. பார்த்தா தூக்கச் சொல்லி அழுவா. கேமராவை அவ பக்கம் திருப்பு."

அவள் தன் கேமராவையும் அணைத்துவிட்டாள். கறுத்த திரையின் மூலையில் ஜாஸ்மின் மட்டும். ஜெபினாலும் இப்போது மனைவியைப் பார்க்க முடியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. நடுநடுவே யாரோ கதவைத் திறந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்பதும், அவள் "ஃபைவ் மினிட்ஸ்" என்பதும்.

ஜாஸ்மின் தண்ணி கேட்டாள். சுப்புலட்சுமியின் மார்பில் முகத்தைத் தேய்த்து அழுதாள். சுப்புலட்சுமி எழுந்து நடந்தாள், உட்கார்ந்தாள், தானும் காலையிலிருந்து தண்ணி குடிக்கவில்லை என்பதைக் கடைசிவரை சொல்லவில்லை. (நான் சொல்லிவிட்டேன்.) எத்திராஜ் வெளியே போய் டீயோடு வந்தான். அவள் முறைத்த முறைப்பில் டீயை வாசலுக்கே எடுத்துக்கொண்டு போய்த் தானே குடித்தான்.

ஒருவழியாகக் குழந்தை அழுது ஓய்ந்து அப்பாவின் தோளில் தூங்கியது. ஜெபின் செல்பேசியை அதன் கழுத்துக்கருகே பிடித்திருந்தான். கை வலித்தது. மாற்றிக்கொள்ளவில்லை.

"பின்கழுத்துல என்ன அது?" என்றது கறுப்புத் திரை.

"வேர்க்குரு."

"எப்போதிருந்து?"

"ஒரு வாரமா."

"சொல்லவே இல்லையே."

"வேர்க்குருவை எல்லாமா சொல்லணும்?"

"சொல்லணும்."

ஜெபின் குழந்தையின் சட்டைக் கழுத்தைத் தாடையால் ஒதுக்கிவிட்டான்.

"பவுடர் போட்டியா?"

"போட்டேன்."

"இன்னும் கிட்ட காட்டு."

காட்டினான். ஒரு தாய் தன் குழந்தையின்

(இங்கே ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன்.)

7

மத்தியானம் பச்சை உடையில் ஒரு நர்ஸ் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடிய பிறகும் ஜெபின் செல்பேசியைக் கதவுக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தான்.

இங்கிருந்து இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: ஊக்கு வந்துவிடுகிறது. ஷீலா வேலையை உதறிவிட்டு மீனம்பாக்கத்தில் வந்து இறங்குகிறாள். ஜாஸ்மின் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்கிறாள். (கட்டிக்கொள்ள மாட்டாள். ஜாஸ்மின் அறிந்த அம்மாவுக்குத் தோளுக்குக் கீழே எதுவும் கிடையாது. முதல் இரண்டு நாள் சுப்புலட்சுமியின் முந்தானைக்குப் பின்னால் நின்றுதான் பார்ப்பாள். அதை எழுத எனக்கு மனம் வரவில்லை.)

இரண்டு: ஊக்கு கீழே இறங்கிவிடுகிறது. இதில் ஒரு வரிக்கு மேல் போகவில்லை.

சுப்புலட்சுமி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். ஊக்குகள் சரட்டில்தான் இருக்கின்றன, புடவை கட்ட வேண்டாமா? ஜாஸ்மினை இடுப்பில் தூக்கும்போது மட்டும் சரட்டை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொள்கிறாள். மஸ்கட் வேலை ஒப்பந்தம் முடியும் முன்பே ஷீலா வருவாளா, வந்தால் ஜாஸ்மின் எத்தனை நாளில் அவளிடம் போவாள் என்பதை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் வெளிநாட்டில் யாராவது இருந்தால் என்னைவிட நன்றாக முடிப்பீர்கள்.

என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவு. ஊக்கு வயிற்றில்தான் இருந்தது. எண்டோஸ்கோப் வழியாக எடுத்துவிட்டார்கள். காயம் இல்லை. ஜாஸ்மின் மறுநாள் வீட்டுக்கு வந்தாள். ஷீலா அவசர விடுப்புக் கேட்டாள். கிடைக்கவில்லை. வியாழக்கிழமை டியூட்டிக்குப் போனாள்.