காய்ந்த முதுகு

செங்கல் சூளையில் வேலையை அளக்கக் கடிகாரம் எதற்கு, முதுகு போதும் என்பான் மேஸ்திரி. நனைந்த முதுகு உழைத்த முதுகு. காய்ந்த முதுகு ஏய்த்த முதுகு. மண் மிதித்து, கல் அறுத்து மேலே வந்தவன். அவன் சொன்னால் யாரும் மறுப்பதில்லை.

அன்று காலையிலேயே கைபேசிக்கு இரண்டு எச்சரிக்கை வந்துவிட்டது. பகலில் கடும் அனல், வெளியே நிற்காதீர்கள். மாலையில் சூறைக்காற்று, பெருமழை, தாழ்வான இடங்களில் வெள்ளம். முதலாளி இரண்டாவதை மட்டும் படித்தார்.

"பச்சைக்கல்லு அறுபதாயிரம் வெளியே கிடக்கு. கரைஞ்சா உன்னைத்தான் கேப்பேன்" என்று மேஸ்திரியிடம் சொல்லிப் போனை வைத்தார். பச்சைக்கல் என்றால் இன்னும் சுடாத கல். மழை பட்டால் மறுபடியும் சேறு.

வழக்கமாக விடியுமுன் தொடங்கிப் பத்து மணிக்கு நிற்கும் வேலை பன்னிரண்டைத் தாண்டியும் ஓடியது. அடுக்கிய கல்லைப் போர்த்தத் தார்ப்பாய் போதவில்லை. ஆட்கள் நிழலுக்கென்று கட்டியிருந்ததையும் மேஸ்திரி அவிழ்த்தான்.

"அடுத்த ஜென்மத்துல செங்கல்லாப் பொறக்கணும்டி. போர்வையாவது கிடைக்கும்" என்றாள் கல் சுமக்கும் ஒருத்தி. வாய் ஓயாததால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

பெண்கள் சிரித்தார்கள். சிரிக்காதவள் மேஸ்திரியின் அண்ணி. தாயில்லாத வீட்டுக்கு மருமகளாக வந்து, கொழுந்தனுக்குச் சோறு போட்டு ஆளாக்கியவள். சொந்தக்காரிக்குச் சலுகை காட்டுகிறான் என்று எவரும் நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாது என்பதற்காகவே, சூளையில் அவளிடம் அவன் கூடுதலாகவே விறைப்பான்.

"தம்பி, தலை கிறுகிறுங்குது. கொஞ்சம் உக்காந்துக்கறேன்" என்றாள் அண்ணி.

அவன் அவள் முதுகைப் பார்த்தான். மற்ற ரவிக்கைகளெல்லாம் தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல் இருக்க, அவளுடையது மட்டும் காய்ந்து உப்புப் பூத்திருந்தது.

"ஒரு சொட்டு வேர்வை இல்ல. இது வேலை செஞ்ச முதுகா? நடிப்பெல்லாம் வீட்டுல வச்சுக்குங்க அண்ணி" என்றான், எல்லார் காதிலும் விழும்படி.

மறுபடியும் சிரிப்பு. அவள் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு தலையில் கல்லேற்றினாள்.

இரண்டரை மணிக்கு வானம் கறுத்து முதல் காற்று அடித்தபோது, அண்ணி நடை கோணி, கடைசி அடுக்கின் ஓரமாக விழுந்தாள். ரேடியோ தொட்டுப் பார்த்து அலறினாள்: "ஐயோ, உடம்பு கொதிக்குதே! இவ்வளவு சூட்டுலயும் பொட்டு வேர்வை இல்லையே!"

அந்தக் காய்ந்த முதுகை மேஸ்திரி மறுபடியும் பார்த்தான்.

காற்று தார்ப்பாய்களைப் பிய்த்துக்கொண்டு போனது. பின்னாலேயே மழை கொட்டி, அரை மணியில் அறுபதாயிரம் கல்லும் கூழாகிவிட்டது. அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரோட்டை வெள்ளம் அறுத்துவிட்டதால் டிராக்டர் போகவில்லை. அண்ணியைக் கதவுப் பலகையில் கிடத்தி, மார்பளவுத் தண்ணீரில் நான்கு பேர் தூக்கிப் போனார்கள். முன்னால் பிடித்தவன் மேஸ்திரி. ஆஸ்பத்திரி போய்ச் சேர மணி ஐந்து.

மரக்கடையில் வேலையை விட்டுவிட்டு அண்ணன் ஓடிவந்தார். தம்பியின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. "நீ மட்டும் அங்க இல்லேன்னா அவளை வாரிக் கொடுத்திருப்பேன்டா."

அந்தப் பிடி அவனைச் சுட்டது.

நர்ஸ் நோட்டோடு வந்தாள். "வெயில் தாக்கினா வேர்வை நின்னுடும். இவங்களுக்கு எப்ப நின்னுச்சு? விழுந்த நேரம் இல்ல, உடம்பு காஞ்ச நேரம் சொல்லுங்க. அதை வச்சுதான் டாக்டர் மூளை, கிட்னி எல்லாம் பாக்கணும்."

"மழைக்குக் கொஞ்சம் முன்னாடி" என்றான் மேஸ்திரி.

அவள் எழுதிக்கொண்டு நகர்ந்தாள். "சமயத்துல கவனிச்சியே, அது போதும்" என்று அண்ணன் அவன் கையைத் தட்டிக்கொடுத்தார். இந்தப் பொய்க்கு விலை அண்ணியின் உயிராக இருக்கலாம்.

மேஸ்திரி கையை உருவிக்கொண்டு நர்ஸ் பின்னால் ஓடினான்.

"நான் சொன்னது பொய்ங்க. பன்னெண்டரைக்கே காஞ்சுபோச்சு. பாத்தேன்."

"பாத்துட்டா ரெண்டு மணி நேரம் வேலை வாங்கினீங்க?"

"நடிக்கறாங்கன்னு சொன்னேங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

நர்ஸ் எழுதியதை அடித்துவிட்டு, டாக்டர் அறைக்கு ஓடினாள்.

திரும்பினான். பின்னாலேயே அண்ணன். அடி விழும் என்று தலைகுனிந்து நின்றான். விழுந்திருந்தால் தேவலை.

"அவ என்னடா சொன்னா?" என்றார் அண்ணன், மெல்ல.

"ஒண்ணும் சொல்லலண்ணே. கல்லத் தூக்கிக்கிட்டாங்க."

அண்ணன் நடந்துபோய் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் இன்னும் மூன்று பேருக்கு இடமிருந்தது. மேஸ்திரி சுவரோரமாக, ஈரம் சொட்டச் சொட்ட நின்றுகொண்டே இருந்தான்.