சுகுமாரனைக் கொல்ல ஒரு வாக்கியம்

1

இந்தக் கதையை நானாக ஆரம்பிக்கவில்லை. போன வாரம் பசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது லோகேஸ்வரி அக்கா என் கையைப் பிடித்தார்.

"துளசி, எங்க வீட்டுக்காரர கொன்னுடு. திங்கக்கெழமைக்குள்ள. ரத்தம் கொஞ்சம் கூடவே இருக்கட்டும்லா."

மீன்காரர் ஹக்கீமுக்குத் தமிழ் தெரியும். கத்தியை மெதுவாகக் கீழே வைத்தார்.

2

ஒரு மழைக்கால மாலையில் எழுத்தாளர் சுகுமாரன் (வேண்டாம். பினாங்கில் எந்தக் காலம் மழைக்காலம் இல்லை?)

பேய்க்கதை, கொலைக்கதை என்றால் இங்கே அக்காவின் வீட்டுக்காரர் சுகுமாரன் அண்ணன்தான். அவரைப் படித்துத்தான் நான் எழுத வந்தேன். என் கதைகளில் கிரீச்சிடுவதெல்லாம் அவர் வீட்டுக் கதவுதான். (இங்கே 'மேதை' என்று எழுதி அடித்துவிட்டேன். பார்த்தால் திட்டுவார்.)

கதையில் சாகிறவர்களுக்கு அக்கம்பக்கத்தார் பெயரையே வைப்பார். முதலில் சண்டைக்கு வந்தார்கள். பிறகு, அவர் கதையில் கிணற்றில் தள்ளிய பக்கத்து வீட்டுச் சின்னம்மா நிஜத்தில் புற்றுநோயிலிருந்து எழுந்து வந்தார். செத்ததாகப் பேச்சு வந்தால் ஆயுசு கெட்டி என்பார்களே! அன்றிலிருந்து, ஆபரேஷன் என்றாலே ஜனங்கள் பழத்தட்டோடு அவர் வாசலில் நின்றார்கள்.

"அண்ணே, என்னைய ஒரு தடவ கொன்னு விடுங்க."

3

மகன் பெயரை மட்டும் அவர் எந்தக் கதையிலும் வைக்கவில்லை. பெத்த மனம், கேட்குமா? அந்த மகன் பிறை தொழிற்பேட்டையில் வேலை முடிந்து மோட்டார்சைக்கிளில் திரும்பும்போது ஒரு லாரி

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். அண்ணனாலும் முடியவில்லை. அவனையும் ஒருமுறை கொன்றிருந்தால் இருந்திருப்பான் என்பது அவர் நினைப்பு. குடித்தார், வேலை போனது, பேனாவைத் தொடவில்லை.)

4

திங்கட்கிழமை அவருக்கு இருதய ஆபரேஷன். ஊரையே கொன்றவரைக் கொல்ல ஆள் இல்லை, என்னைத் தவிர.

முதல் வரைவில் பாலிக் புலாவ் தோப்பில் தேங்காய் கனத்தில் ஒரு முள் டுரியான் பழம் அவர் தலையில் விழுந்தது. அக்கா சிரித்துவிட்டார். இரண்டாவதில் தூக்கத்திலேயே, அமைதியாக. அதை அண்ணனிடமே வாசித்துக் காட்டினேன்.

"இது சாவா? மத்தியானத் தூக்கம் மாதிரில்ல இருக்கு! பாசம் பாத்து என்னைய விட்டுடப் பாக்குற." என் கையிலிருந்த தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். "நானும் அப்படித்தான் ஒருத்தன விட்டுட்டேன்."

அக்கா தேத்தண்ணி கலக்க உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை.

5

வாசகரே, எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனால் அவரைக் கொல்லாமல் விட்டுவைக்கும் தைரியமும் கிடையாது. எழுத உட்கார்ந்தால் கை வரமாட்டேன் என்கிறது. அவர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

நீங்கள் அவர் வீட்டில் ஒரு வேளை சோறு தின்றதில்லை. உங்களால் முடியும். இன்று ஞாயிற்றுக்கிழமை. ஆரம்பித்து வைத்திருக்கிறேன், முடித்துவிடுங்கள். இரக்கம் பார்க்காதீர்கள். எங்களுக்கு அவர் வேண்டும்.

கதவு கிரீச்சிட்டது. சுகுமாரன் திரும்பிப் பார்ப்பதற்குள்