அழித்தும் அழியாத சிலேட்டு

எச்சில் தொட்டுக்கொள்ளாமல் பெரிய மாப்பிள்ளைக்கு ஒரு வேலையும் ஓடாது. பிளாஸ்டிக் பையின் வாயைப் பிரிக்க எச்சில், ரசீது கிழிக்க எச்சில், வாடிக்கையாளர் நீட்டிய போனில் கறை இருந்தால் கட்டைவிரலை நாக்கில் ஒரு இழுப்பு, திரையில் ஒரு தேய்ப்பு. "பளிச்சுனு ஆயிடுச்சு பாருங்க" என்று சிரித்துக்கொண்டே திருப்பித் தருவார். உள்ளே ரிப்பேர் மேஜையில் இருக்கும் சின்ன மாப்பிள்ளை ஸ்பிரிட் பஞ்சைத் தயாராக எடுத்து வைப்பான். அந்த போன் அடுத்து அவன் கைக்குத்தான் வரும்.

இரண்டு பேரும் அக்காள் தங்கையைக் கட்டியவர்கள். மாமனார் வீட்டுக் கீழ்த்தளத்தில் போன், டேப்லெட், இ-ரீடர் ரிப்பேர் பார்க்கும் கடை. வாசல் மேஜையில் பெரியவர் பேசுவார். உள் மேஜையில் சின்னவன் வேலை பார்ப்பான். "ஒரு மேஜைக்கு வாய், ஒரு மேஜைக்குக் கை. ரெண்டையும் சேர்த்தா ஒரு முழு ஆள் தேறும்" என்று மாமனார் கிண்டல் செய்வார். அது அவருக்குக் குரல் இருந்த காலம்.

மாமனார் ஏலக்காரர். அவர் "ஒரு தரம்" என்றால் மார்க்கெட்டின் மறு கோடியில் தூங்குகிறவன் எழுந்து கையைத் தூக்குவான் என்பார்கள். தொண்டையில் கட்டி வந்து, அறுத்து எடுத்தபோது குரலும் கூடவே போய்விட்டது. மனிதர் ஒரு மாதம் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அப்போதுதான் சின்ன மாப்பிள்ளை, பேனாவால் எழுதக்கூடிய பெரிய இ-ரீடர் ஒன்றைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தான். எழுதலாம், காட்டலாம், ஒரு தட்டில் அழிக்கலாம். வீட்டில் எல்லோரும் அதைச் சிலேட்டு என்றார்கள். அதுதான் அவருக்கு வாய். அதில் அவர் முதலில் எழுதியது, "காபியில் சர்க்கரை போடத் தெரியாதா இந்த வீட்டில்?" என்பது. அன்றைக்கு வீடே சிரித்தது.

அந்தச் சிலேட்டு சோபாவில் கிடந்தபோது பெரிய மாப்பிள்ளை அதன்மேல் உட்கார்ந்தார். உள்ளே ஏதோ நொறுங்கியது. "நல்லவேளை, எனக்கு ஒண்ணும் ஆகலை" என்று எழுந்தார்.

சின்னவன் அப்போது காய்ச்சலில் படுத்திருந்தான். பெரியவரே புதுத் திரை வாங்கி மாட்டினார். "இதென்ன பெரிய வித்தை? பழசைப் பிடுங்கு, புதுசைச் சொருகு. என் சகலை இதுக்குப் போயி ஒருநாள் முழுக்க உட்கார்றான்" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார். சிலேட்டு உயிர் பெற்றது, எழுதியது, அழித்தது. எழுத்து மட்டும் கொஞ்சம் வெளிறித் தெரிந்தது. கண்ணிலும் பாதிப் பார்வையே உள்ள மாமனாருக்கு அது உறுத்தவில்லை.

அதற்குப் பிறகுதான் பெரிய மாப்பிள்ளைக்கு மாமனார்மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. காலையில் கடை திறக்குமுன் மாடிக்குப் போவார். "சிலேட்டைத் துடைச்சு வைக்கிறேன் மாமா" என்று ஜன்னலோரம் எடுத்துப்போய், சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, எச்சில் விரலால் தேய்த்துத் திருப்பி வைப்பார். அன்று மாலையே மாமனார் மனதில் நினைத்தது கைக்கு வரும். முதுகு சொறியும் குச்சி. மிருதுவான பல் பிரஷ். மாமனார் பூரித்துப்போய், "பெரியவனுக்கு என் மனசு தெரியுது" என்று எழுதிக் காட்டினார். சின்ன மாப்பிள்ளைக்குக்கூட கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லோரும் இருந்தார்கள், பக்கத்து வீட்டுக்காரரும் இருந்தார். பெரிய மாப்பிள்ளை ஒரு ரப்பர் விரிப்போடு வந்தார். எல்லோர் முன்னாலும் அதை உதறிப் பிரித்தார்.

"மாமா, வயசானா யாருக்கும் வர்றதுதான். கூச்சப்படாதீங்க. ராத்திரி நனைஞ்சுதுன்னா இதை அப்படியே உருவிப் போட்டுடலாம்."

பக்கத்து வீட்டுக்காரர் தன் செருப்பைத் தேடினார். மாமனாரின் முகம் கறுத்துச் சிறுத்தது. அவர் பெரிய மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, சின்ன மகளைப் பார்த்தார். பார்வையாலேயே அவளைக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

அன்றிலிருந்து சிலேட்டு தலையணைக்குக் கீழே குப்புறக் கிடந்தது. சின்ன மகள் மாத்திரை நீட்டினால் கை வராது. பேசினால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். குரல் போனபோதுகூட அவர் இப்படி ஊமையாகவில்லை.

"என்கிட்ட மட்டும்தாங்க அப்பா எழுதினார்" என்று சின்ன மாப்பிள்ளையிடம் அவள் அழுதாள். "படுக்கை நனையுது, யாருக்கும் தெரிய வேண்டாம்னு எழுதிட்டு உடனே அழிச்சிட்டார். உங்ககிட்டகூட நான் சொல்லலை."

"ஆமா, சொல்லலை."

"அப்ப அத்தானுக்கு யாரு சொன்னா? பேயா வந்து சொல்லுச்சு? இப்படியே போனா அப்பா என் கையால ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்க மாட்டார்ங்க."

சின்ன மாப்பிள்ளை மாடிக்குப் போனான். மாமனார் கண்ணை மூடியிருந்தார். சிலேட்டை மெல்ல உருவி, சார்ஜ் போடலாம் என்று ஜன்னலோர பிளக் பக்கம் திருப்பினான். வெறும் பக்கம். ஆனால் சாய்ந்த வெளிச்சத்தில், ஈரச் சுவரில் தெரியும் பழைய கிறுக்கல் போல, சாம்பல் நிறத்தில் ஒரு வரி எழும்பியது.

"இதையும் போய் ஊருக்குச் சொல்லு."

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளை நினைத்து எழுதி அழித்திருக்கிறார். அழியவில்லை.

அவனுக்கு ஒரே நொடியில் எல்லாம் விளங்கியது. இந்த வகைத் திரைக்குள் கறுப்பும் வெள்ளையுமாகக் கண்ணுக்குத் தெரியாத மணிகள் இருக்கும். மின்சாரம் கறுப்பை மேலே தள்ளினால் எழுத்து, கீழே இழுத்தால் வெற்றுப் பக்கம். எவ்வளவு மின்சாரத்துக்கு இழுபடும் என்பது திரைக்குத் திரை வேறு. அந்த எண் திரையின் நாடா ஒயரில் சின்ன லேபிளாக ஒட்டியிருக்கும். திரையை மாற்றினால் அந்த எண்ணையும் போர்டில் மாற்றிப் பதிய வேண்டும். பெரியவர் அதைச் செய்யவில்லை. பெண்ணை மாற்றிவிட்டுப் பழைய பெண்ணின் ஜாதகத்தையே பொருத்தம் பார்த்த கதை. மணிகள் பாதியில் நின்றன. அழித்ததெல்லாம் நிழலாகத் தங்கியது. தினமும் காலையில் ஒருவர் அந்த நிழலை ஜன்னலோரம் சாய்த்துப் படித்திருக்கிறார்.

கீழே வந்து கேட்டான். பெரிய மாப்பிள்ளை கொஞ்சம்கூடக் கூசவில்லை.

"தானா அமைஞ்சது சகலை. நான் என்ன, வேணும்னா செஞ்சேன்?"

"தெரிஞ்சதும் என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"எதுக்குச் சொல்லணும்? அவனவன் வீட்ல சுவத்துல காதை வச்சு ஒட்டுக்கேக்கறான். நான் காதையா வச்சேன்? சும்மா கண்ணை வச்சேன்." சிரித்தார். "அவருக்கு என்ன வேணும்னு தெரிஞ்சு செய்யறேன். புண்ணியம்யா."

"ரப்பர் விரிப்பும் புண்ணியமா?"

"பின்னே? மெத்தை என்ன விலை விக்குது தெரியுமா?" குரலைத் தாழ்த்திக்கொண்டு நெருங்கி வந்தார். "அந்த நம்பரைத் தொடாதே சகலை. நாளைக்கு வீடு, கடைன்னு ஏதாவது எழுதுவார். நமக்கு முன்னாடியே தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் நல்லது. நீயும் பாரு, நானும் பாக்கறேன். என்ன சொல்றே?"

தோளில் கையைப் போட்டார். விரல் ஈரமாக இருந்தது. ஊமையாகிவிட்ட மனிதன் மகளிடம் கூசிக் கூசிச் சொன்னதை இந்த ஆள் பல் விளக்கின கையோடு படித்து ரசித்திருக்கிறார் என்று நினைக்கவே சின்ன மாப்பிள்ளைக்கு வாயில் கசந்து ஊறியது. தோளை உதறிவிட்டு, டூல் பாக்ஸை எடுத்துக்கொண்டு படியேறினான்.

மாமனாரை எழுப்பி உட்காரவைத்து, சிலேட்டையும் பேனாவையும் நீட்டினான். "மாமா, எம்மேல இருக்கற கோபத்தையாவது எழுதுங்க. எழுதிட்டு அழிச்சிடுங்க."

வெகுநேரம் முறைத்தார். பிறகு, அவனுக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டு வேகமாக எழுதினார். அழித்தார். சிலேட்டை அவன் பக்கம் வீசினார்.

அவன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தான். "'உன் பெண்டாட்டிக்கு வாயை அடக்கத் தெரியாது.' சரியா மாமா?"

மாமனாரின் கை அந்தரத்தில் நின்றது. அவன் மாமனாரின் கண்ணாடியை எடுத்து அவருக்கு மாட்டி, சிலேட்டை அவர் கண்ணுக்கு நேரே பிடித்துச் சாய்த்தான். அவர் பார்த்தார். அழித்ததாக நம்பிய ஒவ்வொரு எழுத்தும் அவரைத் திருப்பிப் பார்த்தது.

"அவ யார்கிட்டயும் சொல்லலை மாமா. இதுதான் சொல்லியிருக்கு."

அவர் ஜன்னலைப் பார்த்தார். சிலேட்டைப் பார்த்தார். காலை வேளைகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்திருக்க வேண்டும். இத்தனை நாள் ஆசையாகப் பிடித்திருந்த அந்தப் பலகையைத் தொடப் பிடிக்காதவர் போல, உள்ளங்கையைப் போர்வையில் அழுத்தித் துடைத்தார். பிறகு ஒரே ஒரு சொல் எழுதினார். "பெரியவனா?"

சின்ன மாப்பிள்ளை டூல் பாக்ஸைத் திறந்தான். முதுகுப் பக்க மூடியைக் கழற்றினான்.

நாடா ஒயரில் லேபிள் இருந்தது. அதன்மேல் ஒரு கட்டைவிரல் ரேகையும் இருந்தது. மாட்டும்போது தூசியென்று எச்சில் தொட்டுத் தேய்த்திருக்கிறார் மகராசன். மை கரைந்து, முதல் இலக்கத்தைத் தவிர மற்றதெல்லாம் நீலக் கறை. உள்ளே காய்ந்துபோன எச்சில் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. சின்ன மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒருமுறை மூச்சை இழுத்து விட்டுவிட்டு, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தான்.

எண் போய்விட்டது. இனி கண்ணால்தான் தேட வேண்டும். லேப்டாப்பை இணைத்து, எண்ணைக் கொஞ்சம் மாற்றிப் பதிந்து, "எழுதுங்க மாமா" என்றான்.

மாமனார் யோசித்தார். முகத்தில் பழைய மார்க்கெட் களை வந்தது. எழுதினார்.

"அவன் உனக்குச் சகலை இல்லை. எச்சக்கலை."

சின்ன மாப்பிள்ளை அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். "அழிங்க."

அழித்தார். சாய்த்துப் பார்த்தார்கள். முழு வரியும் நிழலாக நின்றது. எண்ணை மாற்றினான். மாமனார் மறுபடி அதையே எழுதினார், முன்னைவிடப் பெரிதாக. இந்த முறை பாதி போனது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினான், அளவு தாண்டிவிட்டது, பக்கம் முழுக்கப் பாத்திரம் கழுவிய தண்ணீர் போலக் கலங்கியது. பின்னால் வந்தான். எழுதுவதும் அழிப்பதும் சாய்ப்பதுமாகச் சுற்றுகள் போயின. மாமனார் சலிக்கவேயில்லை, திட்டுவதற்கு இப்படி ஒரு சாக்கு யாருக்குக் கிடைக்கும்? கடைசியில் "எச்" என்ற இரண்டெழுத்து மட்டும் அழுக்குப் போல ஒட்டிக்கொண்டு அடம்பிடித்தது. எண்ணை ஒரு மயிரிழை நகர்த்தினான். எழுத்து மை போலக் கறுத்து விழுந்தது, அழித்தால் பக்கம் வெண்மையாக வந்தது. எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒன்றுமில்லை.

மாமனார் தானே சாய்த்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம்தான், மகளைக் கூப்பிடு என்று கையைக் காட்டினார்.

அவள் கதவோரம் வந்து தயங்கி நின்றாள். மாமனார் எழுத ஆரம்பித்தார். என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்க்காமல் சின்ன மாப்பிள்ளை வெளியே வந்து கதவைச் சாத்தினான். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அவள் மூக்கை உறிஞ்சுவதும், நடுவே சிரிப்பதும் கேட்டது. பிறகு டம்ளரில் தண்ணீர் ஊற்றும் சத்தம்.

படிக்கட்டில் பெரிய மாப்பிள்ளை நின்றிருந்தார். எவ்வளவு நேரமாகவோ.

"நம்பரைத் தொட்டுட்டியா?"

"தொட்டுட்டேன்."

"சரி விடு." கழுத்தைச் சொறிந்தார். "என்னைப் பத்தி ஏதாவது எழுதினாரா?"

"எழுதினார். நிறைய."

"என்னன்னு?"

"அழிச்சிட்டார் சகலை. இப்ப சுத்தமா அழியுது. ரொம்பத் தெரிஞ்சுக்கணும்னா உள்ள போய்க் கேளுங்க, வாய்தான் இருக்கே."

பெரிய மாப்பிள்ளை சாத்திய கதவைப் பார்த்தார். மேலே ஏறவில்லை. சின்ன மாப்பிள்ளை அவர்மேல் படாமல் சுவரோடு ஒட்டிக் கீழே இறங்கி, சோப்பைத் தேடிப் போனான்.