சாய்த்துப் பார்க்காத கல்

கல் பார்ப்பது என் தொழில். இருபது வருடமாக நகைக்கடை மாடியறையில் உட்கார்ந்து, வருகிற கல்லையெல்லாம் லென்ஸில் பார்த்து, இது அசல், இது டூப்ளிகேட் என்று சீட்டு எழுதுகிறேன். என் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

அன்று மத்தியானம் தங்கை ஒரு மோதிரத்தோடு வந்தாள். நான்கு மாதமாக அவள் என் வீட்டில்தான் இருந்தாள். அவள் வீட்டுக்காரனுக்கு நான் வைத்த பெயர் கதைவசனம். வேலை போன பிறகும் இரண்டு மாதம் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு தினமும் கிளம்பிப் போனவன். பிடிபட்ட அன்றுகூட வேலைக்குத்தான் போகிறேன் என்று சத்தியம் செய்தான். இவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"புது வேலைல முதல் சம்பளத்துல வாங்கினாராம். சிர்கானாம், பூமிலேருந்து எடுத்த கல்லாம். நீ பாத்துச் சொல்லுக்கா. நெசம்னா இப்பவே அவரோட போறேன். இல்லன்னா அந்தப் பேச்சே வேண்டாம். கீழதான் நிக்கிறாரு."

இளநீலக் கல். சிர்கானுக்குள் போகிற ஒளி இரண்டாகப் பிரியும். அதனால் லென்ஸில் பார்த்தால் அடிப்பக்கத்துப் பட்டைகளின் விளிம்புகள் இரட்டைக் கோடாகத் தெரியும். கண்ணாடியில் அப்படித் தெரியாது. நேராகப் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் ஒற்றைக் கோடு.

"கண்ணாடி," என்றேன். சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

அவள் முகம் செத்துப்போயிற்று. மோதிரத்தை மேசையிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

டீ குடித்துவிட்டு வந்து அதைக் காகிதத்தில் மடிக்கப் போனேன். கை திரும்பியபோது கல் பளிச்சென்று சிதறி மினுங்கியது. கண்ணாடி இப்படி மினுங்காது. லென்ஸை எடுத்து, சாய்த்துப் பார்த்தேன். ஒவ்வொரு கோடும் இரண்டு.

ஒரு திசையில் பார்த்தால் சிர்கானிலும் ஒற்றைக் கோடுதான் தெரியும். அதனால்தான் நாலு பக்கமும் சாய்க்க வேண்டும் என்பது, நேற்று வேலைக்குச் சேர்ந்தவளுக்கும் தெரியும். முகம் தெரியாதவர்கள் கல்லையெல்லாம் சாய்த்துப் பார்த்தவள், கூடப்பிறந்தவள் கல்லை ஏன் சாய்க்கவில்லை? நான் கல்லையா பார்த்தேன், அவன் மூஞ்சியைத்தானே பார்த்தேன்.

லீவு சொல்லிவிட்டு ஓடினேன். வீட்டில் தங்கை பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது. ஆனாலும் சிரித்தாள்.

"அவரோடயே கிளம்பறேன்க்கா. அக்காவே கண்ணாடின்னுட்டா, இன்னும் என்ன கதை விடப்போறீங்கன்னு கேட்டேன். ஒரு வார்த்த மழுப்பல. ஆமா, கண்ணாடிதான், மன்னிச்சிருன்னாரு. ஆறு வருஷத்துல மனுஷன் பொய்ய ஒத்துக்கிட்டது இதான் முதல் தடவ. எனக்கு அது போதும்."

அவன் அவளுடைய ஒரு பையோடு எங்கள் வீட்டு மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தான். பின்னாலேயே போனேன்.

"தம்பி, அது அசல் கல்லு."

"தெரியும்க்கா." அவன் நின்றான். "மூணு கடை ஏறி இறங்கித்தான் வாங்கினேன். வித்தவர் சாய்ச்சு சாய்ச்சுக் காட்டினாரு."

"அப்புறம் ஏன் ஒத்துக்கிட்டே?"

"நீங்க கண்ணாடின்னு சொன்னப்புறம், நான் அசல்னு சத்தியம் பண்ணா அவ நம்புவாளா?" குரலைத் தாழ்த்தினான். "சொல்லிராதீங்கக்கா. இப்ப போய் அசல்னா, நான் ஒத்துக்கிட்டதும் பொய்யாயிரும்."

கோபப்படக்கூட எனக்கு வழியில்லை. அவனை மறுபடியும் பொய் சொல்ல வைத்தது நான்.

அதற்குள் தங்கை பெட்டியோடு இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளை நீ இருந்தேக்கா. உன் கண்ணு மட்டும் இல்லன்னா இந்தத் தடவையும் ஏமாந்திருப்பேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பாத்துப் போ," என்றேன்.